நேரடி இரண்டாம் ஆண்டுப் பொறியியல் சேர்க்கையும் பாடச்சுமையும்

நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை என்பது பல்தொழில்நுட்பக் கல்லூரியில் (பாலிடெக்னிக்) பட்டயப் படிப்பை முடித்த மாணவர்கள், நான்காண்டுப் பொறியியல் பட்டப் படிப்பின் முதலாண்டைப் படிக்காமல், நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து படிக்கும் முறை ஆகும். இவர்கள் மூன்றாம் பருவத்தில் (செமஸ்டர்) நுழைந்து, ஆறு பருவங்களில் பட்டம் பெறுகின்றனர். பேச்சு வழக்கில் இது லேட்டரல் என்ட்ரி என்றும், இவ்வாறு சேர்ந்தவர்கள் லேட்டரல் மாணவர்கள் என்றும் அழைக்கப்படுகின்றனர்.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் ஈராண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் மாணவர்களுக்கு நிகரானவர்களாக இவர்களைக் கருதலாம். இந்தியாவிலும் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நிறுவனங்கள் உள்ளன. ஆயினும் அவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தருபவை. கீழ்ப்படிப்பிலிருந்து மேற்படிப்பின் நடுவில் நுழையும் வழியாகத் தமிழ்நாட்டில் நிலைபெற்றிருப்பது பட்டயத்திலிருந்து பொறியியலுக்குச் செல்லும் இவ்வழியே ஆகும்.

இம்முறையால் ஓராண்டு மிச்சமாகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் மேல்நிலைப் பள்ளி வழியாகச் செல்பவருக்குப் பட்டம் பெற ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பட்டயம் வழியாகச் செல்பவருக்கும் மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டுகளே. எனவே மொத்தக் காலத்தில் மிச்சம் எதுவும் இல்லை. முதலாண்டுப் பாடங்கள் மட்டுமே விடுபடுகின்றன. அவ்வாறு விடுபட்டவற்றுள், குறிப்பாகக் கணிதத்தில், பட்டயப் படிப்பில் கற்பிக்கப்படாத பகுதியை மாணவர் மூன்றாம், நான்காம் பருவங்களில் அப்பருவங்களுக்குரிய பாடங்களோடு சேர்த்துத் தாமாகவே கற்க வேண்டியுள்ளது.

பின்னணி

பட்டயதாரர்கள் பொறியியல் பட்டம் பெறுவதற்கு முன்பு இரண்டு வழிகள் பெரிதும் பயன்பட்டன. ஒன்று, 1920இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. வேலை பார்த்துக்கொண்டே தாமாகப் படித்து எழுதத்தக்க இத்தேர்வில் வகுப்புகளோ பாடச்சுமைக்கான கால வரம்போ இல்லை. தேர்ச்சி பெறப் பலருக்கு நெடுங்காலம் ஆயிற்று. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இத்தேர்வுக்கு நடுவண் அரசின் ஏற்பு தொடர்ந்தது. மற்றொன்று, கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களின் கல்லூரிகள் மாலை வேளைகளில் நடத்திய பகுதிநேரப் பொறியியல் படிப்பு. தொழிற்சாலை வேலை முடிந்து வகுப்புக்கு வருவோருக்கு இது ஏற்றதாக இருந்தது. மலைப்பகுதிகளில் வேலை பார்த்தவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. இது முழுநேரப் படிப்பு. மேல்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே வினாத்தாளுக்கு விடை எழுத வேண்டும். இதன் சிறப்பும் சிக்கலும் இதிலேயே அடங்கியுள்ளன.

தகுதியும் கலந்தாய்வும்

அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதிகளின்படி பட்டயப் படிப்பில் குறைந்தது 45 விழுக்காடு மதிப்பெண் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு) பெற்றவர்கள் இச்சேர்க்கைக்குத் தகுதியுடையவர்கள். ஒப்பளிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு இடங்களும், முதலாண்டில் நிரம்பாது போன இடங்களும் இவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. இவ்விழுக்காடு காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. கணிதம் பயின்ற இளநிலை அறிவியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கான கலந்தாய்வை நெடுங்காலமாகக் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி ஒருங்கிணைத்து வந்துள்ளது. பின்னாளில் இது இணையவழிக்கு மாறியது. அதற்கு முன்னர் மாணவரும் பெற்றோரும் நேரில் காரைக்குடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. நீலகிரி மாவட்டம் கோத்தகிரியிலிருந்து காரைக்குடி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழ்நாடு அரசு 2010-11ஆம் கல்வியாண்டில் அறிமுகப்படுத்தியது. இக்கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களும் அச்சலுகைக்குரிய சான்றிதழை அளிக்கலாம்.

சில ஆண்டுகளில் கலந்தாய்வு முடிவதற்குள் கல்லூரிகளில் மூன்றாம் பருவ வகுப்புகள் தொடங்கிவிடுவதுண்டு. அவ்வாறான ஆண்டுகளில் மாணவர் வகுப்பில் நுழையும்போதே சில வாரப் பாடங்கள் முடிந்திருக்கும். வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற பொது விதியும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஒரு பருவத்தின் சுமை

பொறியியல் கல்லூரிகளில் பாடச்சுமை கிரெடிட் எனப்படும் அலகால் அளக்கப்படுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை ஓர் அலகு. ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் ஓர் அலகு. அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்காண்டுகளுக்கு 160 அலகுகளைப் பரிந்துரைத்தது. பருவத்துக்குச் சராசரி 20 அலகுகள்.

நடைமுறையில் இச்சராசரி சமமாகப் பரவுவதில்லை. இறுதிப் பருவத்தில் ஆய்வுத்திட்டம் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் வகுப்புகள் குறைகின்றன. மூன்றாம், நான்காம் பருவங்கள் நெருக்கமானவை. எடுத்துக்காட்டாக, நான்கு மணி நேரப் பாடங்கள் இரண்டும், மூன்று மணி நேரப் பாடங்கள் மூன்றும், நான்கு மணி நேர ஆய்வகங்கள் மூன்றும் கொண்ட ஒரு பருவத்தை எடுத்துக்கொள்வோம். விரிவுரை 17 மணி, ஆய்வகம் 12 மணி, ஆக வாரத்துக்கு 29 மணி நேரம் வகுப்பு. அலகுக் கணக்கில் இது 23. ஆய்வகப் பதிவேடு எழுதுவதற்கான நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அது எவ்வளவு என்பதைப் பொறியியல் படித்தவர் அனைவரும் அறிவர்.

இச்சுமையைத் தமக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் உரிமை மாணவருக்குப் பெரும்பாலும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் பாடங்களைக் கூடுதலாக எடுக்கவோ விடவோ அளிக்கப்பட்ட வாய்ப்பு ஐந்தாம் பருவத்திலிருந்தே தொடங்கியது. அதாவது, புதிதாக நுழைந்தவருக்கு அவ்வாய்ப்பு மிகவும் தேவைப்படும் முதல் இரண்டு பருவங்களில் அது கிடைக்கவில்லை.

கணித இடைவெளி

தமிழ்நாட்டின் பட்டயப் படிப்பில் கணிதம் பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடுகிறது. அணிகள், அணிக்கோவைகள், கலப்பெண்கள், முக்கோணவியல், திசையன்கள், வகைக்கெழு, தொகையீடு ஆகியவற்றின் அடிப்படைகள் அவ்வாண்டில் கற்பிக்கப்படுகின்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளும் துறைப் பாடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் உரியவை. தொழிற்சாலையில் உடனடியாக வேலைக்குச் செல்லத்தக்கவரை உருவாக்குவதே பட்டயத்தின் நோக்கம் என்பதால் இந்த அமைப்பில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பொறியியல் கல்லூரியின் மூன்றாம் பருவத்தில் நுழையும் மாணவர் கணிதப் புத்தகத்தைத் தொட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அவர் விட்டுவந்த முதலாண்டில் பொறியியல் மாணவர்கள் இரண்டு கணிதத் தாள்களைப் படித்திருப்பர். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் 60 மணி நேரம் என மொத்தம் 120 மணி நேரம் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. பல மாறிகளைக் கொண்ட சார்புகளின் நுண்கணிதம், பன்மடித் தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள், திசையன் நுண்கணிதம், கலப்பெண் சார்புகள், லாப்லாசு மாற்றம் ஆகியவை 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இவற்றுள் அடங்கியிருந்தன. இதில் ஒரு பகுதி பட்டயத்தில் ஏற்கெனவே படித்ததே ஆகும். எனினும் முழுவதையும் மீண்டும் கற்க விரும்பும் ஒருவர், ஒரு பருவத்தை 15 வாரங்கள் எனக் கொண்டால், வாரத்துக்கு எட்டு மணி நேரம் கூடுதலாகச் செலவிட வேண்டும். மேலே காட்டிய 29 மணி நேரத்தோடு சேர்த்தால் 37. வீட்டுப்பாடமும் தேர்வுக்கான ஆயத்தமும் இதற்கு மேல்.

மூன்றாம் பருவத்தில் பல துறைகளுக்குப் பொதுவாக அமையும் கணிதத் தாள் ஃபூரியே தொடர், ஃபூரியே மாற்றம், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவற்றைக் கொண்டது. ஃபூரியே தொடரின் கருத்து கடினமானதன்று. எந்தவொரு அலைவடிவத்தையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பதே அது. மாணவர் தடுமாறுவது குணகங்களைக் கணக்கிடும் இடத்தில். அங்கே ஒரு பல்லுறுப்புக் கோவையைக் கோசைனோடு பெருக்கித் தொகையிட வேண்டும். பகுதித் தொகையீட்டை இருமுறை, மும்முறை தொடர்ந்து செய்யப் பழகியவருக்கு இது இரண்டு வரி வேலை. மறந்தவருக்கு ஒரு பக்கம். அதில் ஒரு குறி பிழைத்தால் விடை பிழைத்துவிடும். எனவே ஃபூரியே புரியவில்லை என்று மாணவர் கூறும்போது, உண்மையில் புரியாதிருப்பது பதினோராம் வகுப்பின் தொகையீடாக இருப்பது உண்டு.

கணிதத் தாளோடு இடைவெளி நிற்பதில்லை. மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின் மூன்றாம் பருவத்தில் இடம்பெற்ற மின்காந்தப் புலக் கோட்பாடு, முதல் அலகிலிருந்தே திசையன் நுண்கணிதத்தின் மீது கட்டப்பட்டது. டைவர்ஜென்சு, கர்ல் ஆகியவற்றையும், காஸ், ஸ்டோக்ஸ் ஆகியோரின் தேற்றங்களையும் மாணவர் முதலாண்டில் கணிதமாகப் படித்திருப்பார் என்ற எண்ணத்தில் ஆசிரியர் அவற்றை விரைவாக நினைவூட்டிச் செல்வது இயல்பு. பட்டயம் படித்து வந்தவருக்கு அது நினைவூட்டல் அன்று, முதல் அறிமுகம். மின்னணுத் தொடர்பியலில் குறிகைகளும் அமைப்புகளும் என்ற பாடம் லாப்லாசு மாற்றத்தை இவ்வாறே எதிர்பார்க்கிறது. இயந்திரவியலில் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலாண்டின் பொறியியல் விசையியல் விடுபட்டதால் அடுத்த பருவங்களின் இயங்குமுறைப் பாடங்கள் கடினமாகத் தோன்றின. கணினி அறிவியலில் இச்சிக்கல் ஒப்பீட்டளவில் குறைவு. சி மொழியில் நிரல் எழுதிப் பழகிய பட்டயதாரருக்குத் தரவுக் கட்டமைப்புப் பாடம் பெரும்பாலும் எட்டத்தக்கதே. அங்கும் தனிநிலைக் கணிதம் தனியாக உழைப்பைக் கேட்கும்.

இளநிலை அறிவியல் முடித்து இதே வழியில் சேர்பவர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குக் கணிதம் உண்டு, வரைபடம் இல்லை. எனவே முதலாண்டின் பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் விசையியலையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்துத் தேர்ச்சி பெற வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதியே கூறியது. அறிவியல் பட்டதாரியின் இடைவெளியை விதி பெயரிட்டுச் சொன்னது. பட்டயதாரரின் கணித இடைவெளிக்கு அவ்வாறு கட்டாயத் தாள் எதுவும் விதிக்கப்படவில்லை. தாள் இல்லாததால் தோல்வியும் இல்லை என்பது ஒருவகையில் சலுகை. ஆனால் தாள் இல்லாததால் வகுப்பும் ஆசிரியரும் கால அட்டவணையில் ஓர் இடமும் கூட இல்லாமற் போயின.

தெரிந்த பாடங்கள்

பட்டயதாரர்கள் வலுவாக இருக்கும் இடங்களும் பல உள்ளன. வரைபடம், பட்டறை, மின்கம்பியிடல், அளவிகளைக் கையாளுதல் போன்றவற்றில் மேல்நிலைப் பள்ளியிலிருந்து வந்தவர்களைக் காட்டிலும் இவர்கள் மூன்றாண்டு மூத்தவர்கள். ஆய்வக வகுப்பின் முதல் வாரங்களில் மற்ற மாணவர்கள் இவர்களைச் சூழ்ந்து நிற்பது பொறியியல் கல்லூரிகளில் வழக்கமான காட்சி ஆகும்.

எனினும் தெரிந்த பாடமே சில வேளைகளில் ஏமாற்றுகிறது. பொருட்களின் வலிமையியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓர் உத்திரத்தின் மேல் சுமை ஏறும்போது தோன்றும் வளைவுத் திருப்புத்திறனையும் தகைவையும் பட்டய மாணவர் சூத்திரத்தில் எண்களைப் பொருத்திக் கண்டுபிடிப்பார். பட்டப் படிப்பில் அதே சூத்திரம் எந்த எடுகோள்களின் மேல் நிற்கிறது என்பதை நிறுவவும், உத்திரத்தின் தொய்வை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி இருமுறை தொகையிட்டுக் காணவும் வேண்டும். பாடத்தின் பெயர், படம், அலகுகள் எல்லாம் முன்பு கண்டவையே என்பதால், இது படித்ததுதான் என்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தேர்வின்போது திகைப்பவர் உண்டு. புதிய பாடத்தில் தோற்பதைவிடத் தெரிந்த பாடத்தில் தோற்பது மனத்தளர்ச்சியை மிகுதியாகத் தரும்.

மதிப்பெண்

பட்டயத் தேர்வுகளில் கருத்தியல் தாளுக்குத் தேர்ச்சி மதிப்பெண் நூற்றுக்கு 40 ஆக இருந்து வந்துள்ளது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகளில் அது 50. அக மதிப்பீட்டின் பங்கும் ஒழுங்குமுறைக்கு ஒழுங்குமுறை மாறியுள்ளது. 2013, 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் கருத்தியல் தாளுக்கு அகமதிப்பீடு 20, பல்கலைக்கழகத் தேர்வு 80 என்றிருந்தது. 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இதனை 40, 60 என மாற்றியது. வாரந்தோறும் ஒழுங்காக உழைக்கும் மாணவருக்கு இம்மாற்றம் உதவக்கூடியது. பருவத்தின் நடுவில் தாமதமாகச் சேர்பவருக்கு முதல் அகத்தேர்வு அணுகி நிற்பதால் அவ்வளவாக உதவாது.

பலர் முதலில் கவனியாத மற்றொரு செய்தியும் உண்டு. மேல்நிலைப் பள்ளி வழியாக வந்தவரின் இறுதிச் சராசரி எட்டுப் பருவங்களைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நேரடி மாணவருக்கு ஆறு பருவங்களே. பருவங்கள் யாவும் சம எடை கொண்டவை எனக் கொண்டால், மூன்றாம் பருவம் முன்னவரின் சராசரியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு. பின்னவருக்கு ஆறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 16.7 விழுக்காடு. ஆக, மிகக் கடினமான பருவமே அவருக்குக் கூடுதல் எடையோடு அமைகிறது. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல நிலுவைத் தாள் (அரியர்) இருக்கக்கூடாது என்று நிபந்தனை விதிப்பதால், அப்பருவத்தில் விழுந்த கணிதத் தாளின் நிழல் ஏழாம் பருவம் வரை நீள்வதுண்டு.

படிப்பை முடிக்க அளிக்கப்படும் உச்ச வரம்பு இவர்களுக்கு 12 பருவங்கள். நான்காண்டு மாணவர்களுக்கு இது 14 ஆகும்.

கோத்தகிரியும் நீலகிரி மலைப்பகுதியும்

கோத்தகிரி வட்டத்தின் மாணவருக்கு இப்படிப்பு வழி ஊர் விட்டு ஊர் செல்வதோடு பிணைந்துள்ளது. மாவட்டத்தின் அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரி உதகமண்டலத்தில் உள்ளது. கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று வரத்தக்க தொலைவு இது. பொறியியல் கல்லூரி என்று மாவட்டத்துக்குள் நெடுங்காலமாக அறியப்பட்டது கேத்தியின் சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி. பிற வாய்ப்புகள் யாவும் மலைக்குக் கீழே. அரசு தொழில்நுட்பக் கல்லூரி (1945), பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி (1951), கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி (1956) முதலிய பழைய நிறுவனங்கள் கோயம்புத்தூரில் உள்ளன. மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிச் செல்ல வேண்டிய அந்நகருக்கு நாள்தோறும் சென்று திரும்புவது எளிதன்று. விடுதியில் தங்குவதே வழக்கம்.

மலையில் பட்டயப் படிப்புக்கு ஒரு காலத்தில் உள்ளூரிலேயே மதிப்பு இருந்தது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தி ஊசித் தொழிற்சாலை, 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், மலையெங்கும் பரவிய தேயிலைத் தொழிற்சாலைகள் ஆகியவை தொழில்நுட்பப் பணியாளர்களை வேலைக்கு அமர்த்தின. இவற்றுள் போட்டோ பிலிம்ஸ் நலிந்து மூடப்பட்டது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை வீழ்ந்தபோது சிறு விவசாயிகளின் வருவாயும் சுருங்கியது. பட்டயத்தோடு நில்லாமல் பட்டம் வரை செல்ல வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டதற்கு இவற்றையும் பின்னணியாகக் கொள்ளலாம்.

இப்பகுதி மாணவர்களின் வீட்டு மொழிகள் பல. படுகர்களின் வீடுகளில் படுகு மொழியும், கோத்தர், இருளர், குறும்பர் முதலியோரிடம் அவரவர் மொழியும் பேசப்படுகின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களின் குடும்பங்களும் இங்குள்ளன. அவர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டான்டீ) ஆயிற்று. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ், பட்டயப் படிப்பில் ஆங்கிலப் பாடநூலும் தமிழ் விளக்கமும், பொறியியல் கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கில விரிவுரை என மாணவர் மூன்று, நான்கு படிகளைக் கடக்கிறார். மொழியின் சுமை எந்த அலகுக் கணக்கிலும் சேர்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-11இல் கட்டடப் பொறியியலிலும் இயந்திரவியலிலும் தமிழ்வழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது இங்கு குறிப்பிடத்தக்கது.

பருவமழையும் ஒரு காரணி. முதல் பருவத் தேர்வுகள் நடைபெறும் நவம்பர், டிசம்பர் மாதங்களே நீலகிரியின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் உயிரிழப்புகளோடு சாலைகளையும் துண்டித்தன. படிப்பு விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் தேர்வுக்கு முந்தைய நாளே இறங்கிவிடுவது மலையில் நீண்டநாள் பழக்கம்.

பிற இடங்களில்

கருநாடகத்தில் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இவ்விடைவெளியை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. பட்டயம் வழியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு மூன்றாம், நான்காம் பருவங்களில் கூடுதல் கணிதத் தாள்கள் இரண்டு விதிக்கப்பட்டன. பட்டம் பெற அவற்றில் தேர்ச்சி கட்டாயம். ஆனால் அம்மதிப்பெண்கள் வகுப்புத் தர நிர்ணயத்தில் சேர்க்கப்படுவதில்லை. இதனால் சுமை கூடுகிறது என்ற முறையீடு நியாயமானதே. எனினும் அச்சுமை கால அட்டவணையில் தெரிகிறது, அதற்கென ஓர் ஆசிரியர் வருகிறார் என்பதை மறுக்க இயலாது.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 பருவ அலகுகள் தேவை. பாதியைச் சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு மாறலாம். கலிபோர்னியா 2010இல் இயற்றிய சட்டம் ஒன்று, மாற்றத்துக்கென்றே ஈராண்டுப் பட்டங்களை உருவாக்கி, எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதை முன்கூட்டியே அறியும் நிலையை விரிவாக்கியது. மாறிய முதல் பருவத்தில் மாணவரின் மதிப்பெண் சரிவது அங்கும் அறியப்பட்டதே. 1965இல் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் இடமாற்ற அதிர்ச்சி எனலாம். அச்சரிவு பெரும்பாலும் பின்னர் ஓரளவு மீள்கிறது என்பதும் அவ்வாய்வுத் துறையில் அன்றே பேசப்பட்டது. அங்கு முழுநேர மாணவராகக் கருதப்படப் பொதுவாக 12 அலகுகள் போதும். எனவே அஞ்சும் மாணவர் முதல் பருவத்தில் 15 அலகுகளுக்குப் பதில் 12 எடுத்துக்கொண்டு, விடுபட்டதைக் கோடையில் படிக்கலாம். தமிழ்நாட்டு மாணவருக்கு வாய்க்காதது இத்தெரிவே ஆகும்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதையொட்டி 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த கல்வி அலகு வங்கி விதிகளும் படிப்புகளுக்கிடையே அலகுகளை எடுத்துச் செல்வதைப் பற்றிப் பேசுகின்றன. அலகை மாற்றிக் கொடுப்பது எளிது. பகுதித் தொகையீட்டை அவ்வாறு மாற்றிக் கொடுக்க இயலாது.

இணைப்புப் பாடங்கள்

பல்வேறு பின்னணிகளிலிருந்து வரும் நேரடி மாணவர்களுக்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் போன்றவற்றில் இணைப்புப் பாடங்களை (பிரிட்ஜ் கோர்ஸ்) நடத்தலாம் என்று தொழில்நுட்பக் கல்விக் குழு பிற்காலக் கையேடுகளில் குறிப்பிட்டுள்ளது. நடத்துவதா, எத்தனை நாள், யார் நடத்துவது என்பன கல்லூரியின் விருப்பத்தைப் பொறுத்தவை. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு இதனையும் கேட்டறிவது பயனுடையது. வகுப்பு தொடங்கிய பின் மாலையில் நடக்கும் இணைப்புப் பாடம், முன்பு கணக்கிட்ட 29 மணி நேரத்தின் மேல் ஏறுகிறது. வகுப்புக்கு முன்பே நடப்பது ஏறுவதில்லை.

பட்டயத்தின் இறுதித் தேர்வு பொதுவாக ஏப்ரலில் முடிகிறது. பொறியியல் வகுப்புகள் தொடங்கச் சில மாதங்கள் ஆகின்றன. இவ்விடைவெளியே விடுபட்ட கணிதத்தைச் சுமையின்றிக் கற்கக் கிடைக்கும் ஒரே காலம். பெரிய நூல்கள் எவையும் இதற்குத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் வெளியிட்டுள்ள மேல்நிலைக் கணித நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினோராம் வகுப்பு நூலின் இரண்டாம் தொகுதியில் தொகையீட்டு முறைகளும், பன்னிரண்டாம் வகுப்பு நூலின் இரண்டாம் தொகுதியில் பகுதி வகைக்கெழுக்களும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளும் உள்ளன. இரு மொழிப் பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு ஆங்கிலக் கலைச்சொற்களும் உடன் பழகிவிடும். லாப்லாசு மாற்றமும் திசையன் நுண்கணிதத்தின் பெரும்பகுதியும் இந்நூல்களில் இல்லை. அவற்றுக்குப் பொறியியல் முதலாண்டுக் கணித நூலையோ, இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் என்.பி.டி.இ.எல். காணொளி விரிவுரைகளையோ நாட வேண்டும். மின்னியல், மின்னணுவியல் துறைகளில் சேர விரும்புவோர் இவ்விரண்டையும், கட்டடவியல், இயந்திரவியல் துறையினர் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் விசையியலையும் முதலில் எடுத்துக்கொள்வது நலம்.